நெஞ்சு நீரை ரத்த மெஷினில் ஓட்டினால்? உடல் திரவச் சோதனைகளின் வேலிடேஷன், எளிமையாக

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துவிட்டது, வயிற்றில் நீர் சேர்ந்துவிட்டது, முழங்கால் மூட்டு வீங்கி நிற்கிறது என்று வருகிறவர்களுக்கு டாக்டர் ஊசி வைத்துக் கொஞ்சம் நீரை உறிஞ்சி எடுப்பார். அது ஒரு சிறு பாட்டிலில் லேபுக்குப் போகும். கூடவே ஒரு சீட்டு: புரோட்டீன், எல்.டி.எச்., குளுக்கோஸ், ஏ.டி.ஏ. (எல்.டி.எச்.சும் ஏ.டி.ஏ.வும் உடல் அணுக்களில் இருக்கும் நொதிகள்.) மறுநாள் ரிப்போர்ட் வந்துவிடும். நான்கு எண்கள், பக்கத்தில் அலகுகள். பார்க்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போலவே இருக்கும்.

அந்த எண்களைத் தந்ததும் ரத்தத்தைச் சோதிக்கிற அதே மெஷின்தான். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "ரத்தத்துக்குச் சரியாக ஓடுகிற மெஷின் இதற்கு மட்டும் தப்பாகவா காட்டும்?" என்பது ஒரு கட்சி. "கிட்டோடு வரும் குறிப்புத்தாளில் சீரம், பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி என்றுதான் போட்டிருக்கிறது, வேறு எதையும் தொடவே கூடாது" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியில் ஆள் அதிகம். இரண்டாவது கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ஆடிட் நடக்கும் வாரத்தில்தான் கண்ணில் படுவார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வேலிடேஷன் என்று அதைச் சொல்கிறார்கள். லேபுக்குள் எல்லோரும் பயன்படுத்துகிற சொல்தான்; ஆனால் ஆளுக்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். லேப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், ரிப்போர்ட்டில் உள்ள எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

## பாலுக்குச் செய்த கருவி

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் செய்த மிதவை. பாலில் போட்டால் ஓர் அளவுக்கு மூழ்கி நிற்கும்; கழுத்தில் உள்ள கோட்டைப் படித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அதே கருவியை மோரில் போடுங்கள், இளநீரில் போடுங்கள். அப்போதும் எங்கோ ஓரிடத்தில் மிதந்து நிற்கும், ஓர் எண்ணைக் காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. அந்த எண்ணுக்குத்தான் இப்போது பொருள் இல்லை.

பாலிலேயே ஒரு திருட்டு உண்டு. கொழுப்பை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடி அளவு ஏறும். தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் பார்த்துச் செய்தால் நல்ல பால் என்றே லாக்டோமீட்டர் சொல்லும். ஏனென்றால் அது அளப்பது அடர்த்தியை மட்டும்தான். மற்றதெல்லாம் வழக்கமான பாலைப் போலவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அடர்த்தியிலிருந்து தண்ணீரைக் கணிப்பது நாம்.

லேபில் உள்ள அனலைசரும் இப்படித்தான். அது குளுக்கோஸையோ எல்.டி.எச்.சையோ நேராகப் பார்ப்பதில்லை. மாதிரியில் சில மைக்ரோலிட்டரை உறிஞ்சி, ரீஏஜென்ட்டோடு கலந்து, நிறம் எவ்வளவு மாறுகிறது, ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. அதிலிருந்து அளவைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரியாக வர, திரவத்தில் உள்ள மற்ற சங்கதிகள் சீரத்தில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும். (ரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம்.) நாம் அளக்க நினைக்கும் பொருளைத் தவிர்த்து, திரவத்தில் உள்ள மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து மேட்ரிக்ஸ் என்று பெயர். மேட்ரிக்ஸ் மாறியதால் எண் பிசகினால் அது மேட்ரிக்ஸ் விளைவு.

## மெஷினுக்குள் எங்கே பிசகும்?

முதல் இடம், உறிஞ்சும் இடம். மூட்டு நீரில் ஹயலூரோனிக் அமிலம் இருப்பதால் அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். மெஷினின் மெல்லிய ஊசி, தண்ணீர் போன்ற சீரத்தை உறிஞ்சும் வேகத்தில் இதை உறிஞ்ச முடியாது. 5 மைக்ரோலிட்டர் எடுத்ததாக நினைத்துக்கொண்டு 3 எடுக்கும். பிறகு ரசாயனம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் விடை குறைவாகத்தான் வரும். அதனால்தான் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் சேர்த்து மூட்டு நீரை இளக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். நெஞ்சு நீரில் வேறு தொல்லை. எடுத்து வைத்த சிறிது நேரத்தில் அதில் ஃபைப்ரின் நூல்கள் திரளலாம். ஒரு நூல் ஊசி வாயில் மாட்டினால் போதும்.

இரண்டாவது இடம், அளவின் எல்லை. சீரத்தில் புரோட்டீன் டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருக்கும். முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் சி.எஸ்.எஃப். நீரில் பெரியவர்களுக்கு இயல்பான அளவு ஏறத்தாழ 15 முதல் 45 மில்லிகிராம். நூறு மடங்குக்கும் மேல் குறைவு. சீரத்துக்கு வழக்கமாகப் பயன்படும் பையூரெட் முறைக்கு இவ்வளவு சிறிய அளவு கண்ணிலேயே படாது. எனவே சி.எஸ்.எஃப். புரோட்டீனுக்குப் பைரோகலால் ரெட் போன்ற தனிச் சாயமுறை வைத்திருக்கிறார்கள். இதைப் பெரும்பாலான லேப்கள் செய்கின்றன. நெஞ்சு நீர், வயிற்று நீர் என்று வரும்போதுதான் "இதுவும் சீரம் மாதிரிதானே" என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மூன்றாவது இடம், குறுக்கிடும் பொருள்கள். சிவப்பணுக்களுக்குள் எல்.டி.எச். சீரத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஊசி போடும்போது ரத்தம் கலந்து, அணுக்கள் உடைந்துவிட்டால் நெஞ்சு நீரின் எல்.டி.எச். தானாக ஏறிவிடும். சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினை ஜாஃபே என்ற நிறமுறையில் அளக்கும்போது, பித்தம் கலந்த நீரில் உள்ள பிலிருபின் விடையைக் குறைத்துக் காட்டக்கூடும். குளுக்கோஸ் கதை இன்னும் எளிது: நீரில் வெள்ளணுக்களும் பாக்டீரியாவும் நிறைய இருந்தால், பாட்டிலில் இருக்கும்போதே குளுக்கோஸைத் தின்றுவிடும். ஃப்ளூரைடு குழாயில் எடுத்து, சீக்கிரம் ஓட்டாவிட்டால் நாம் பார்ப்பது மிச்சத்தைத்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: மெஷின் எந்தத் திரவத்துக்கும் ஓர் எண்ணைத் தரும். திரவம் தடித்திருந்தாலோ, பொருள் மிகக் குறைவாக இருந்தாலோ, வேறு ஏதாவது குறுக்கிட்டாலோ அந்த எண் பிசகலாம். பிசகியிருக்கிறது என்று மெஷின் எப்போதும் சொல்லாது.

## நான்கு வேலைகள், நான்கும் வேறு

"எங்கள் மெஷின் கேலிப்ரேட் ஆகியிருக்கிறது, க்யூ.சி. பாஸ், அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கேலிப்ரேஷன் என்பது அளவு தெரிந்த ஒரு பொருளைக் கொடுத்து, மெஷினுக்கு அளவுகோலைக் கற்றுக்கொடுப்பது. க்யூ.சி. என்பது தினமும் ஒரு கன்ட்ரோல் மாதிரியை ஓட்டி, நேற்றுப் போலவே இன்றும் அளக்கிறதா என்று பார்ப்பது. இந்தக் கேலிப்ரேட்டரும் கன்ட்ரோலும் வழக்கமாகச் சீரம் போன்ற அடிப்படையில் செய்தவை. ஆகவே க்யூ.சி. பாஸ் ஆனால் சீரத்துக்கு மெஷின் சரி என்று பொருள். நெஞ்சு நீரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

வெரிஃபிகேஷன் மூன்றாவது. கம்பெனி ஒரு சோதனையை ஏற்கெனவே முழுதாகச் சோதித்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் சொன்ன தரம் நம் லேபில் நம் கையாலும் கிடைக்கிறதா என்று சிறிய அளவில் பார்த்துக்கொள்வது. நான்காவதுதான் வேலிடேஷன்: கம்பெனி உறுதி சொல்லாத ஒரு பயன்பாட்டுக்கு, அந்தச் சோதனை தகுமா என்று நாமே ஆதாரம் திரட்டுவது. பெரும்பாலான கெமிஸ்ட்ரி கிட்களில் நெஞ்சு நீர், வயிற்று நீர், டிரெயின் நீர் (அறுவை சிகிச்சைக்குப் பின் வைத்த குழாயில் வடிவது) ஆகியவற்றுக்கு உறுதி இருக்காது. அவற்றை ஓட்டினால் ஆதாரம் காட்டும் பொறுப்பு கம்பெனியிடமிருந்து லேபுக்கு வந்துவிடுகிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் லேப்களைக் கட்டுப்படுத்தும் க்ளியா, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. அதன்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனையை மாற்றாமல் பயன்படுத்தினால் சுருக்கமான சோதிப்பு போதும். வேறு திரவத்துக்குப் பயன்படுத்துவது மாற்றமாகவே கருதப்படும், அதற்குக் கூடுதல் ஆதாரம் வேண்டும். இந்தியாவில் லேப்களுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் அடிப்படையில் தரப்படுகிறது. உரிய நோக்கத்துக்கு வெளியே ஒரு முறையைப் பயன்படுத்தும்போது வேலிடேட் செய்ய வேண்டும் என்று அதுவும் கேட்கிறது. எப்படிச் செய்வது என்பதற்கு சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் சி49 வழிகாட்டி உள்ளது. 2007இல் வந்தது, 2018இல் இரண்டாம் பதிப்பு. விதிகளை இதற்கு மேல் கிளற வேண்டாம். அவை எந்த அளவுப் பிசகு பரவாயில்லை என்று சொல்வதில்லை, அதை லேப்தான் முடிவு செய்ய வேண்டும். சிரமமும் அங்கேதான்.

## முதல் கேள்வி: இந்த எண்ணை வைத்து டாக்டர் என்ன முடிவெடுப்பார்?

என் பார்வையில், வேலிடேஷனில் பாதி வேலை இந்தக் கேள்விதான். இதைக் கேட்காமல் ஆரம்பித்தவர்கள் ஒரு தடித்த ஃபைல் சேர்ப்பார்கள், எதற்கென்று தெரியாது.

நெஞ்சு நீரை எடுத்துக்கொள்வோம். 1972இல் ரிச்சர்ட் லைட்டும் அவருடைய குழுவினரும் 150 நெஞ்சு நீர் மாதிரிகளை ஆராய்ந்து ஒரு விதியைச் சொன்னார்கள். இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். நீரில் உள்ள புரோட்டீன் ரத்தத்தில் உள்ளதில் 0.5 பங்குக்கு மேல், அல்லது எல்.டி.எச். ரத்தத்தில் உள்ளதில் 0.6 பங்குக்கு மேல். அல்லது நீரின் எல்.டி.எச்., சீரத்தின் இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது எக்ஸூடேட், அதாவது அழற்சியாலோ தொற்றாலோ புற்றுநோயாலோ கசிந்த நீர். எதுவும் இல்லையென்றால் டிரான்ஸூடேட். இதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ சரியில்லாமல், அழுத்த மாறுதலால் சேர்ந்த நீர். இரண்டுக்கும் அடுத்து செய்யும் வைத்தியம் முற்றிலும் வேறு.

கவனித்தீர்களா? இரண்டு விதிகள் விகிதங்கள். நீரும் ரத்தமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்து, ஒரே மெஷினில், ஒரே முறையில் ஓட்டினால்தான் விகிதத்துக்குப் பொருள் உண்டு. எல்.டி.எச். அளக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன: லாக்டேட்டிலிருந்து பைருவேட், பைருவேட்டிலிருந்து லாக்டேட். இரண்டாவது முறையில் எண் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். முதல் முறையில் சீரத்தின் உச்சம் 250 யூனிட் பக்கம் என்றால் இரண்டாவதில் 450 பக்கம். நீரை ஒரு லேபிலும் ரத்தத்தை இன்னொரு லேபிலும் கொடுத்தால் விகிதம் தலைகீழாகிவிடும். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே சரி, முடிவு மட்டும் தப்பு.

வயிற்று நீரில் இன்னும் நுட்பம். ரத்தத்தில் உள்ள முக்கியப் புரதமான அல்புமினின் அளவிலிருந்து நீரின் அல்புமினைக் கழிப்பார்கள். விடை டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று கொள்வார்கள். ரத்தத்தில் 3.0, நீரில் 1.8 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 1.2. நீரின் எண் வெறும் 0.2 கூடுதலாக வந்துவிட்டால் வித்தியாசம் 1.0 ஆகிவிடும், நோயாளி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார். அல்புமின் அளக்கும் புரோமோகிரசால் கிரீன் சாயமோ மற்றப் புரதங்களோடும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். அல்புமின் குறைந்த மாதிரிகளில் கொஞ்சம் கூட்டியே காட்டும். வயிற்று நீரில் அல்புமின் பெரும்பாலும் குறைவுதான்.

இதற்கு நேர்மாறாக, அறுவை சிகிச்சைக்குப் பிறகு டிரெயினில் வருவது சிறுநீரா என்று கேட்டுக் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வார்கள். சிறுநீராக இருந்தால் ரத்தத்தைவிடப் பல மடங்கு இருக்கும். இல்லையென்றால் ரத்தத்தை ஒட்டியே இருக்கும். இங்கே பத்து சதவீதப் பிசகு யாரையும் வழி தவறச் செய்யாது. கணையக் கசிவுக்கு மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டிரெயின் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதி, சீர உச்சத்தைப் போல மூன்று மடங்குக்கு மேலா என்று பார்ப்பதும் இப்படித்தான், பெருவித்தியாசத்தைத் தேடுவது.

ஆகவே ஒரே கடுமை எல்லாவற்றுக்கும் தேவையில்லை. முடிவு நூலிழையில் தொங்கும் சோதனைக்குக் கடுமை கூட வேண்டும். மடங்குக் கணக்கில் பார்க்கும் சோதனைக்குக் கொஞ்சம் தளர்ச்சி இருக்கலாம். எங்கே முடிவு மாறுகிறதோ அந்த எண்ணைச் சுற்றித்தான் ஆதாரம் திரட்ட வேண்டும்.

## சரியான விடை தெரியாமல் சரியா என்று பார்ப்பது எப்படி?

சீரத்துக்கு அளவு தெரிந்த பொருள்கள் சந்தையில் கிடைக்கும். நெஞ்சு நீருக்கு அப்படி எளிதில் கிடைக்காது. பிறகு எதோடு ஒப்பிடுவது? இதற்கு இரண்டு தந்திரங்கள் இருக்கின்றன. இரண்டுமே விலை குறைந்தவை.

முதலாவது ரெகவரி. தெரிந்த அளவு பொருளை நாமே நீரில் சேர்த்துவிட்டு, சேர்த்தது முழுக்கத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மாதிரிக் கணக்கு: வயிற்று நீரில் அமைலேஸ் 80 யூனிட். அதில் ஒன்பது பங்கு எடுத்து, 2000 யூனிட் உள்ள சீரம் ஒரு பங்கு சேர்க்கிறோம். நீரிலிருந்து வர வேண்டியது 80இல் பத்தில் ஒன்பது, அதாவது 72. சேர்த்ததிலிருந்து வர வேண்டியது 200. மொத்தம் 272 வர வேண்டும். மெஷின் 264 காட்டுகிறது. 264இல் 72ஐக் கழித்தால் 192. 200க்கு 192, ஆக 96 சதவீதம் திரும்பக் கிடைத்தது. நல்ல விடை. இன்னொருவரின் நீரில் இதே சேர்க்கைக்கு 212 வந்தால்? 140தான் திரும்பியது, 70 சதவீதம். அந்த நீரில் ஏதோ ஒன்று அமைலேஸைத் தடுக்கிறது, அல்லது ஊசி சரியாக உறிஞ்சவில்லை. சேர்க்கும் அளவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேட்ரிக்ஸே நீர்த்துவிடும், நாம் சோதிப்பது வயிற்று நீரையா சீரத்தையா என்று தெரியாமல் போகும்.

இரண்டாவது, நீர்க்க நீர்க்கப் பார்ப்பது. அளவு அதிகமுள்ள ஒரு மாதிரியை இரண்டாக, நான்காக, எட்டாக நீர்த்து ஓட்டி, ஒவ்வொன்றையும் பெருக்கிப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும். இதற்கு லீனியாரிட்டி என்று பெயர். நீர்க்காமல் 300, இரண்டாக நீர்த்து 190, நான்காக நீர்த்து 98 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 300, 380, 392. நீர்க்க நீர்க்க எண் ஏறுகிறதென்றால், நீர்க்காத மாதிரியில் ஏதோ ஒன்று சோதனையை அமுக்கிக்கொண்டிருந்தது. நீர்த்ததும் அதன் பலம் குறைந்தது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல், மாதிரி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வாய்ப்பிருந்தால் மூன்றாவதாக, ஏற்கெனவே வேலிடேட் செய்த இன்னொரு லேபுக்கு அதே நீரில் பாதியை அனுப்பி ஒப்பிடலாம். நல்லதுதான், ஆனால் அவர்கள் முறையும் நம் முறையும் ஒன்றா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன எல்.டி.எச். கதை நினைவிருக்கட்டும்.

## மற்றச் சோதிப்புகள், சுருக்கமாக

ஒரே நீரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது பிரிசிஷன். சீரத்தில் இருப்பதைவிடச் சிதறல் கூடினால், பெரும்பாலும் உறிஞ்சும் இடத்தில் கோளாறு. குறைந்த அளவு வரும் சோதனைகளில் எந்த எண்ணுக்குக் கீழே நம்ப முடியாது என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். ரத்தம் கலந்தது, மஞ்சள் படிந்தது, பால் போல் வெளுத்தது என்று மூன்று வகை நீரிலும் குறுக்கீடு பார்க்க வேண்டும். பால் போன்ற நீரைக் கண்டால் பயந்து ஒதுக்கிவிடவும் முடியாது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது நிணநீர்க் குழாய் உடைந்து வந்த கைலோதோராக்ஸாக இருக்கலாம், டாக்டர் கேட்பதே அதற்குத்தான்.

தாங்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். அறை வெப்பத்தில் எத்தனை மணி நேரம், குளிர்பெட்டியில் எத்தனை நாள் எண் மாறாமல் இருக்கிறது என்று. எல்.டி.எச். இதில் ஓர் அடம்பிடிக்கும் பிள்ளை. அதன் சில வகைகள் குளிரைத் தாங்காது. உறைய வைத்தால் எண் இறங்கிவிடும். இரவில் வந்த நீரை ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் எல்.டி.எச். ஓட்டுவது நல்ல பழக்கம் இல்லை.

## ஏ.டி.ஏ.: நம் ஊர் லேப்களின் தினசரிச் சோதனை

இந்தியாவில் நெஞ்சு நீர் என்றாலே காசநோய் இருக்குமோ என்ற கேள்வி கூடவே வரும். அதனால் அடினோசின் டிஅமினேஸ், சுருக்கமாக ஏ.டி.ஏ., இங்கே மிகச் சாதாரணமாகக் கேட்கப்படும் சோதனை. லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் போனால், அதிலும் நீரில் லிம்ஃபோசைட் அணுக்கள் அதிகம் இருந்தால், காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். சீழ் கோத்திருந்தாலும், லிம்ஃபோமாவிலும், முடக்குவாதத்தால் வரும் நீரிலும் ஏறலாம் என்பதை டாக்டர்கள் அறிவார்கள்.

லேப் கவனிக்க வேண்டியது வேறு. இந்த 40 பழைய ஜியுஸ்டி முறையோடு சேர்ந்து வளர்ந்த எண். அந்த முறை, ஏ.டி.ஏ. வேலை செய்யும்போது வெளியேறும் அம்மோனியாவை நிறமாக்கிப் பார்க்கிறது. நீரில் முன்பே அம்மோனியா இருந்தால், உதாரணமாகப் பாக்டீரியா பெருகிய பழைய மாதிரியில், அதையும் சேர்த்து எண்ணிவிடும். அதைக் கழிக்க அதே மாதிரியில் ஒரு வெற்றுச் சோதனை ஓட்ட வேண்டும். இப்போது ஆட்டோ அனலைசரில் ஓடும் பல கிட்கள் அம்மோனியாவைத் தொடுவதே இல்லை. வேறொரு நொதித் தொடரின் வழியாக நிறம் உண்டாக்குகின்றன. இரண்டு முறைக்கும் அதே 40தானா என்பதைக் கிட் மாற்றும்போது ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வைத்தியத்தைத் தொடங்கினால் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியவர் ஒருவர் இந்த எண்ணின் மறுமுனையில் இருக்கிறார். 38க்கும் 43க்கும் நடுவில் மெஷினின் சொந்தச் சிதறல் எவ்வளவு என்று லேபுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்ட டாக்டருக்குச் சொல்லவும் முடிய வேண்டும்.

## 'நார்மல் ரேஞ்ச்' பத்தியில் என்ன எழுதுவது?

ரத்தத்துக்கு நலமாக இருப்பவர்கள் பலரைக் கூப்பிட்டு அளந்து, இயல்பான எல்லையைக் கண்டுபிடிக்கலாம். நலமாக இருப்பவரின் நெஞ்சில் சில மில்லிலிட்டர் நீர்தான் இருக்கும். அதை எடுக்க யாரும் ஊசி குத்த மாட்டார்கள், குத்தவும் கூடாது. எனவே இந்தத் திரவங்கள் பலவற்றுக்கு நார்மல் ரேஞ்ச் என்ற ஒன்றே கிடையாது. முடிவெல்லைகள் மட்டும் உண்டு: 0.5, 1.1, 40 போன்றவை.

இருந்தும் சில ரிப்போர்ட்களில் நெஞ்சு நீர் எண்ணுக்குப் பக்கத்தில் சீரத்தின் நார்மல் ரேஞ்ச் அப்படியே அச்சாகி வருவதைப் பார்க்கலாம். சாஃப்ட்வேர் தானாகப் போட்டிருக்கும். நெஞ்சு நீர்ப் புரோட்டீன் 4.2, நார்மல் 6 முதல் 8, பக்கத்தில் 'குறைவு' என்று ஓர் அம்புக்குறி. உண்மையில் 4.2 என்பது நெஞ்சு நீருக்கு அதிகம், அநேகமாக எக்ஸூடேட். வீட்டில் உள்ளவர்கள் அம்புக்குறியைப் பார்த்துவிட்டுப் புரோட்டீன் பவுடர் வாங்கப் போவார்கள். எவ்வளவோ பாடுபட்டு வேலிடேட் செய்துவிட்டு இந்த ஒரு பத்தியைக் கவனிக்காமல் விடுவது வருத்தமான விஷயம். அந்த இடத்தில், எந்தத் திரவம் என்பதோடு, "இந்தத் திரவத்துக்கு இயல்பு எல்லை நிறுவப்படவில்லை, அதே நேரத்தில் எடுத்த சீர மதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்ற மாதிரி ஒரு வரி போதும்.

## சிறிய லேப் எங்கே ஆரம்பிக்கலாம்?

எல்லாத் திரவமும், எல்லாச் சோதனையும் என்று பட்டியல் போட்டால் மலைத்துப்போவீர்கள். கடந்த ஓர் ஆண்டில் எந்தத் திரவத்தில் எந்தச் சோதனை எத்தனை தடவை கேட்டார்கள் என்று கம்ப்யூட்டரில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நெஞ்சு நீரும் வயிற்று நீரும், அவற்றில் நான்கைந்து சோதனைகளும்தான் மேலே நிற்கும். அங்கே ஆரம்பிக்கலாம். டாக்டர்களைக் கேட்டால் பழக்கத்துக்காக எழுதப்படும் சோதனைகள் சில கழன்றுவிடும். வேலிடேட் செய்வதைவிட அது சுலபம். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அபூர்வத் திரவத்தை, வேலிடேட் செய்த பெரிய லேபுக்கு அனுப்பிவிடலாம்.

மாதிரிகளுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். கேட்ட சோதனைகள் முடிந்து கொட்டப்போகும் மிச்ச நீரையே, பெயர் விவரங்களை நீக்கி, உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதிக்கும் விதத்தில் பயன்படுத்தலாம். பாட்டிலில் 'ஃப்ளூயிட்' என்று மட்டும் எழுதி வருவதை அன்றிலிருந்தே ஏற்காதீர்கள். எங்கிருந்து எடுத்தது என்று தெரியாத நீருக்கு எந்த வேலிடேஷனும் பொருந்தாது.

சில சோதனைகளை மெஷின் மாற்றித்தான் செய்ய வேண்டும். நெஞ்சு நீரின் பி.எச். 7.2க்குக் கீழே இறங்கினால் குழாய் போட்டு வடிக்க வேண்டிவரலாம். அந்த அளவு நுட்பம் பி.எச். காகிதத்திலோ சாதாரண மீட்டரிலோ கிடைக்காது, ரத்த வாயு அனலைசரில்தான் கிடைக்கும். அதுவும் சிரிஞ்சில் காற்று புகாமல் வந்தால். சீழாகக் கெட்டியாக வந்த நீரை அதில் விட்டு மெஷினை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சீழ் என்று கண்ணால் தெரிந்தாலே வடிப்பதற்குக் காரணம் போதும்.

அனலைசரையோ கிட்டையோ மாற்றும்போது இதில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும். முன்கூட்டியே நினைத்துக்கொண்டு, முடிவெல்லைக்கு அருகில் வரும் நீர்களைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்துவிட்டால், புரோட்டீனுக்கும் அல்புமினுக்கும் அவை அப்போது கைகொடுக்கும். எல்.டி.எச்.சுக்கு மட்டும் அந்த வழி இல்லை. பழைய மெஷினைத் திருப்பி அனுப்புவதற்குள், அன்றன்று வரும் புது நீரை இரண்டிலும் அடுத்தடுத்து ஓட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும்.